சங்கத்துக் கோப்பில் இருந்த நான்கு வரிகள்

பதினேழு ஆண்டுகளாகச் சிறிய அளவில் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறேன். டெல்டா மாவட்டம் ஒன்றில் பள்ளி வகுப்பறை, சத்துணவுக் கூடம், மழைநீர் வடிகால், தனியார் வீடு என்று கிடைத்ததை எடுத்துச் செய்பவன். இரண்டு மேஸ்திரிகள், பதினான்கு பதினைந்து ஆட்கள், ஒரு கலவை இயந்திரம், சொந்தமாகக் கொஞ்சம் சென்ட்ரிங் தகடுகள், இவ்வளவுதான் என் தொழில். எங்கள் ஊரில் கட்டுநர் சங்கம் இருப்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஆனால் பதினைந்து ஆண்டுகள் அதன் படியை மிதிக்கவில்லை. அது பெரிய ஒப்பந்ததாரர்கள் கூடும் இடம், நமக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை சுமார் நான்கு லட்சம் ரூபாயும் மூன்று மாதத் தூக்கமும். என்னைப் போலத் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் சிறிய ஒப்பந்ததாரர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2022 தொடக்கத்தில் ஒரு நகராட்சிப் பள்ளியில் ஆறு வகுப்பறைகள் கட்டும் வேலை கிடைத்தது. வரி நீங்கலாக 78 லட்சம். அதுவரை நான் எடுத்த வேலைகளில் அதுதான் பெரியது. பணி ஆணையை வாங்கிக்கொண்டு வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஆனால் வேலை தொடங்கிய கையோடு கம்பி விலை ஏறத் தொடங்கியது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு வாரத்துக்கு ஒரு விலை. டன் 62,000 என்று கணக்குப் போட்டு ஒப்பந்தப்புள்ளி கொடுத்திருந்தேன், 74,000 கொடுத்து வாங்கினேன். பதினெட்டு டன் கம்பி பிடித்த வேலை அது. அதிலேயே இரண்டு லட்சத்துக்கு மேல் கையை விட்டுப் போனது. மே மாதம் 22ஆம் தேதி மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்ட பிறகுதான் விலை இறங்கியது. அதற்குள் என் கட்டடத்துக்குக் கூரைக் கம்பியே கட்டி முடித்தாகிவிட்டது. அதைச் சந்தையின் போக்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்து வந்ததை அப்படித் தேற்றிக்கொள்ள முடியவில்லை.

செய்து முடித்த அளவுக்குப் பணம் கேட்கும் முதல் பட்டியல் 26 லட்சம். மே மாதமே பணம் வந்துவிட்டது, அதில் எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டாவது பட்டியல் 24 லட்சம். கூரை வார்த்து முடித்து, உதவிப் பொறியாளர் ஜூலை 5ஆம் தேதி வந்து அளந்து, எம்.புக் என்ற அளவுப் புத்தகத்தில் ஏற்றினார். 9ஆம் தேதி மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு தேதிகளையும் எந்தத் தூக்கத்திலும் சொல்வேன். பட்டியல் நகராட்சிக்குள் மேசை மேசையாக நகர்ந்து, ஆகஸ்ட் 4ஆம் தேதி பணம் வங்கியில் ஏறியது. என் கணக்கர் 10ஆம் தேதி வரி விலைப்பட்டியல் (டேக்ஸ் இன்வாய்ஸ்) போட்டார். பணம் வந்த பிறகு விலைப்பட்டியல் போடுவதுதான் எங்கள் வழக்கம். பணம் வராமல் வரியைக் கையிலிருந்து கட்ட யாரிடம் இருக்கிறது? இறுதிப் பட்டியல் 28 லட்சம். அது டிசம்பரில் முடிந்தது. இரண்டுக்கும் நகராட்சி 12 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துக் கொடுத்தது, நானும் 12 சதவீதம் கட்டினேன். கொடுத்தவர்களும் கேட்கவில்லை, வாங்கிய நானும் கேட்கவில்லை.

அந்த இரண்டு பட்டியலுக்கும் 18 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். 2022 ஜூன் 28, 29 தேதிகளில் சண்டிகரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் செய்யும் கட்டுமான ஒப்பந்த வேலைகளுக்கு இருந்த 12 சதவீதச் சலுகை விகிதத்தை எடுத்துவிட்டு 18 ஆக்க முடிவு செய்தது. ஜூலை 13ஆம் தேதி அறிவிக்கை வந்தது, 18ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்த வாரங்களில் செய்தித்தாளை நானும் படித்தேன். பாக்கெட்டில் அடைத்த அரிசிக்கும் தயிருக்கும் 5 சதவீதம் என்பது முதல் பக்கத்தில் வந்ததால் அது தெரியும். எங்கள் தொழிலைப் பற்றிய செய்தி உள்பக்கத்தில் எங்கோ இருந்திருக்க வேண்டும், என் கண்ணில் படவில்லை. என் கணக்கர் பலசரக்குக் கடைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் கணக்கு எழுதுபவர். நல்ல மனிதர், ஆனால் கட்டுமான வேலையின் வரி அவருக்குப் பத்தில் ஒரு வேலை.

தெரிந்தது எப்போது என்றால், 2024 ஜனவரி கடைசியில். அதுவும் நேராகத் தெரியவில்லை. முதல் அறிவிப்பு 2023 அக்டோபரிலேயே ஜிஎஸ்டி இணையதளத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது. விவரக் கணக்கில் வேறுபாடு இருக்கிறது, 30 நாளில் விளக்கம் கொடு என்று கேட்கும் ஏஎஸ்எம்டி 10 படிவம் அது. நகராட்சி எனக்குப் பணம் கொடுக்கும்போது 2 சதவீதம் ஜிஎஸ்டி பிடித்தம் செய்து தன் கணக்கில் காட்டும், அந்தத் தொகையையும் நான் கட்டிய வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விகிதம் உதைக்கும். அப்படித்தான் பிடித்தார்கள். டிசம்பரில் இரண்டாவது கடிதம். இரண்டும் எனக்கு வரவில்லை. ஏனென்றால் 2017இல் பதிவு செய்தபோது, வேலை எளிதாக இருக்கட்டும் என்று கணக்கர் தன் கைபேசி எண்ணையும் தன் மின்னஞ்சலையும் கொடுத்திருந்தார். அந்த மின்னஞ்சலில் எழுபது கடைகளின் கடிதங்களோடு என்னுடையதும் கிடந்தது. மூன்றாவதாக வந்தது காரணம் கேட்கும் அறிவிப்பு, ஜனவரி 25 தேதியிட்டது. வேறொரு வாடிக்கையாளருக்காகத் தேடியபோது தற்செயலாகக் கண்ணில் பட, பயந்துபோய் என்னை அழைத்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றே உங்கள் ஜிஎஸ்டி பதிவில் யாருடைய கைபேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால் மாற்றுங்கள். கையொப்பமிட அதிகாரம் பெற்றவர் (Authorised Signatory) என்ற பகுதியில் எண்ணையும் மின்னஞ்சலையும் நாமே திருத்தலாம், அதற்கு அலுவலரின் ஒப்புதல்கூடத் தேவையில்லை. மாதம் ஒருமுறை, 20ஆம் தேதி கணக்குத் தாக்கல் செய்யும்போதே, அறிவிப்புகள் இருக்கும் பகுதியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தளத்தில் ஏற்றிவிட்டாலே நமக்குக் கொடுத்துவிட்டதாகத்தான் அலுவலகம் எடுத்துக்கொள்ளும். தளத்தில் மட்டும் ஏற்றிய அறிவிப்பைப் பார்க்கத் தவறியவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், மறு விசாரணை வாங்கி வந்த வழக்குகள் நிறைய உண்டு. ஆனால் அதற்கும் வக்கீல் செலவு இருக்கிறது, சில வழக்குகளில் கேட்கும் வரியில் ஒரு பங்கை முதலில் கட்டிவிட்டு வா என்றும் உத்தரவு வந்திருக்கிறது.

கணக்கர் அனுப்பிய அறிவிப்பைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். வரி 3,12,000. அதற்குக் கீழே வட்டி, அதற்குக் கீழே அபராதம் என்று கட்டங்கள். அப்போது ஒரு வீட்டுக்கு அடித்தளக் குழியில் நின்றுகொண்டிருந்தேன். எதிரில் மேஸ்திரி, “அண்ணே, கலவை போடலாமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குக் காது கேட்கவில்லை. ஆறு வகுப்பறை கட்டி எட்டு மாதம் வெயிலில் நின்றதில் எனக்கு மிஞ்சியதே ஏறக்குறைய அந்தத் தொகைதான். அதையும் என் மகளின் கல்லூரிக்குக் கட்டியாகிவிட்டது. திருடவில்லை, மறைக்கவில்லை, வாங்கிய வரியை ஒரு ரூபாய் குறையாமல் கட்டியிருக்கிறேன். அப்படியிருந்தும் அறிவிப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் “குறைவாகச் செலுத்திய” என்று போட்டிருந்தது. அந்தச் சொல்தான் தொகையைவிட அதிகம் வலித்தது. ஒரு வாரம் வீட்டில் சொல்லவில்லை. இரவில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் மனைவிதான் கேட்டு வாங்கினாள்.

அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே ஆலோசனைகள் உங்களுக்கும் வரும். ஒருவர், 40,000 கொடுங்கள், உள்ளே பேசி முடித்துவிடுகிறேன் என்றார். இன்னொருவர், இந்தப் பதிவை ரத்து செய்துவிட்டு மனைவி பெயரில் புதிதாக எடுத்துவிடுங்கள் என்றார். பதிவை ரத்து செய்தாலும் பழைய பாக்கி ஒழியாது, தலைக்குமேல் நிற்கும். 40,000 கேட்டவரிடம் ரசீது தருவீர்களா என்று கேட்டேன், அதன்பின் அவர் அழைக்கவில்லை. மூன்றாவதாக எனக்கு வழக்கமாகச் சிமெண்ட் கொடுக்கும் கடைக்காரர் சொன்னதுதான் வழி காட்டியது. “தம்பி, இந்த மாதிரிக் கடுதாசி போன மாதம் நாலு பேருக்கு வந்தது. எல்லாரும் சங்கத்துக்குத்தான் போனார்கள். நீ ஏன் போகவில்லை?” என்றார். நான் உறுப்பினர் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

பிப்ரவரி 2ஆம் தேதி போனேன். ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் நீள மேசை, சுவரில் பழைய தலைவர்களின் படங்கள், ஒரு இரும்பு அலமாரி. செயலாளர் எழுபதைத் தாண்டியவர், தண்ணீர்த் தொட்டி வேலைகளில் பேர் போனவர். உறுப்பினரா என்று கேட்கவில்லை. அறிவிப்பைக் காட்டச் சொன்னார், படித்தார், தேதியைப் பார்த்தார். “ஜனவரி 25. பிப்ரவரி 24க்குள் வரியும் வட்டியும் கட்டிவிட்டால் அபராதம் கிடையாது. எட்டு நாள் வீணாக்கிவிட்டாய், பரவாயில்லை” என்றார். பிறகு அலமாரியைத் திறந்து, 2022 என்று முதுகில் எழுதிய ஒரு பெட்டிக் கோப்பை எடுத்து, தாள்களைப் புரட்டி, ஒன்றை என் பக்கம் திருப்பி வைத்தார். சங்கத்தின் சுற்றறிக்கை. ஜூலை 1, 2022 தேதி. நான்கே வரிகள். அரசு மற்றும் உள்ளாட்சி வேலைகளுக்கு வரி 12இலிருந்து 18 ஆகிறது. நடைமுறைக்கு வரும் நாள் ஜூலை 18. அளவெடுத்து முடித்த வேலைகளுக்கு 17ஆம் தேதிக்குள் விலைப்பட்டியல் போட்டுவிடவும். மீதி வேலைக்குக் கூடுதல் வரியைக் கேட்டு ஒப்பந்தம் போட்ட அலுவலகத்துக்கு உடனே கடிதம் கொடுத்து ஒப்புகை பெறவும்.

அந்தத் தாளில் இடது ஓரத்தில் கோப்பில் கோத்த இரண்டு துளைகள். அடியில் மை மங்கிய சங்க முத்திரை. மூன்றாவது வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் இரண்டாவது பட்டியலை 9ஆம் தேதியே சரிபார்த்துவிட்டார்கள். விலைப்பட்டியல் போட எனக்கு இன்னும் எட்டு நாள் இருந்திருக்கிறது. என் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில், அந்த அலமாரியில், என் பணத்தைக் காப்பாற்றும் தாள் பத்தொன்பது மாதங்களாக இருந்திருக்கிறது.

அந்த மூன்றாவது வரிக்குப் பின்னால் உள்ள சட்டத்தை அவர் மேசையில் கிடந்த உறையின் பின்பக்கத்தில் வரைந்து விளக்கினார். ஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆம் பிரிவு. வரி விகிதம் மாறும்போது மூன்று தேதிகளைப் பார்க்க வேண்டும்: வேலை செய்து முடித்த தேதி, விலைப்பட்டியல் போட்ட தேதி, பணம் வந்த தேதி. மூன்றில் இரண்டு மாற்றத்துக்கு முன்னால் இருந்தால் பழைய விகிதம், இரண்டு பின்னால் இருந்தால் புதிய விகிதம். என் கதையில் வேலை முன்னால் முடிந்தது, விலைப்பட்டியலும் பணமும் பின்னால் வந்தன. அதனால் 18. ஜூலை 10ஆம் தேதி ஒரு விலைப்பட்டியல் போட்டிருந்தால் இரண்டு தேதிகள் முன்னால் வந்திருக்கும், பணம் ஆகஸ்டில் வந்தாலும் 12 போதும். ஒரு தாள் வித்தியாசம். 24 லட்சத்துக்கு 6 சதவீதம் 1,44,000, அதற்கு வட்டி 36,720. பணம் வந்த பிறகு விலைப்பட்டியல் என்ற எங்கள் வழக்கம் சாதாரண நாளில் சரி. விகிதம் மாறப்போகிறது என்ற செய்தி வந்தால் அந்த வழக்கத்தை அன்றே விட்டுவிட வேண்டும். இதை நான் ஒவ்வொரு ஒப்பந்ததாரரிடமும் நேரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு இப்படி முடிந்தது. வரி 3,12,000. ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, முதல் தொகைக்குப் பதினேழு மாதம், இரண்டாவதுக்குப் பதின்மூன்று மாதம், மொத்தம் 69,480. சங்கத்தின் வரி ஆலோசகர் வாரத்தில் புதன்கிழமை மாலை வந்து உட்காருவார், ஆலோசனைக்குப் பணம் வாங்குவதில்லை. பதில் தயாரித்துத் தாக்கல் செய்ய மட்டும் 12,000 வாங்கினார். வெளியில் ஒருவர் 35,000 கேட்டிருந்தார். மனைவியின் நகைகளை அடகு வைத்து இரண்டரை லட்சம், மைத்துனரிடம் ஒன்று, மீதி கையிருப்பு. பிப்ரவரி 20ஆம் தேதி கட்டினேன். இன்னும் நான்கு நாளுக்கு மேல் தாமதித்திருந்தால் 10 சதவீத அபராதம், 31,200 ரூபாய், அதன்மேல் ஏறியிருக்கும். இந்த முப்பது நாள் கணக்கு 73ஆம் பிரிவின் கீழ் வரும் அறிவிப்புகளுக்கு. 2024-25 நிதியாண்டு முதல் 74ஏ என்ற புதிய பிரிவு வந்திருக்கிறது, அதில் அறுபது நாள் அவகாசம். உங்கள் அறிவிப்பில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்பதையும் தேதியையும்தான் முதலில் பார்க்க வேண்டும். தொகையைப் பார்த்துப் பதறுவது பிறகு.

நான்காவது வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் ஒப்பந்தத்தில், ஒப்பந்தப்புள்ளி கொடுத்த பிறகு அரசு வரியை மாற்றினால் வித்தியாசத்தை அலுவலகம் ஈடுகட்டும், ஆனால் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்று ஒரு பத்தி இருந்தது. எண்பத்து நான்கு பக்க ஒப்பந்தம். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டவன் நான், ஒரு பக்கமும் படிக்கவில்லை. வேலைக்கான விலை விவரத்தையும் கெடு தேதியையும் மட்டும் பார்ப்பேன். செயலாளர் அந்தப் பத்தியை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். கெடு எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் எழுதச் சொன்னார். “கேட்காத பணம் வராது. கேட்ட பணம் தாமதமாகவாவது வரலாம்” என்றார். பற்றுச்சீட்டு இணைத்து மூன்று பக்கக் கடிதம் கொடுத்தேன். வேலையின் கணக்கை முடித்துவிட்டோம், நிதி ஒதுக்கீடு இல்லை என்று முதல் பதில் வந்தது. மேல்முறையீடாக இன்னொரு கடிதம் கொடுத்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் வரி, விலை மாற்றம், கால நீட்டிப்பு, பிடித்தத் தொகை, தகராறு ஆகிய ஐந்து பத்திகளையாவது கையெழுத்துக்கு முன் படித்து, அதன் நாள் கணக்குகளைத் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். மேஸ்திரிக்கும் அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

மார்ச் மாதம் உறுப்பினரானேன். எங்கள் சங்கத்தில் நுழைவுக் கட்டணம் 10,000, ஆண்டுச் சந்தா 3,000. பதினைந்து ஆண்டுச் சந்தாவைக் கூட்டினாலும் நான் கட்டிய வட்டிக்குக்கூட வராது. சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டதைச் சொன்னால், சங்கம் என்பது மேடையும் மாலையும் மட்டும்தான் என்று நான் நினைத்தது பாதி உண்மை. விழா நடக்கிறது, பொன்னாடை போர்த்துகிறார்கள், அதில் எனக்கு இன்றும் ஈடுபாடு இல்லை. மற்ற பாதி முன்னறையில் சத்தமில்லாமல் நடக்கிறது. காலையில் கம்பி, சிமெண்ட், ஜல்லி, எம் சாண்ட் விலை கைபேசிக்கு வருகிறது. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளைத் தொகுத்து அனுப்புகிறார்கள். 2025 ஏப்ரலில் கனிமவள நிலங்களுக்கான வரியை ஒட்டிக் குவாரிகளும் கிரஷர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஜல்லி வராமல் வேலை நின்ற நாட்களைக் காரணம் காட்டிக் கால நீட்டிப்பு கேட்கும் கடிதத்தின் மாதிரி எனக்கு அந்த வாரமே கிடைத்தது. முன்பாக இருந்தால் ஜல்லியைத் தேடி ஊர் ஊராக அலைந்திருப்பேன், கடிதம் எழுதத் தோன்றியிருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த சேவை கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்காக நடத்தும் பதிவு முகாம். 1994இல் தொடங்கிய வாரியம் அது. பதினெட்டு முதல் அறுபது வயதுக்குள் உள்ள கட்டுமானத் தொழிலாளி யாரும் பதியலாம். பிள்ளைகளின் படிப்பு உதவி, திருமணம், ஓய்வூதியம், வேலையிடத்து விபத்து என்று பல உதவிகள் உண்டு. என் ஆட்களில் மூன்றே பேர்தான் பதிந்திருந்தார்கள். இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு நாள் கூலியை விட முடியாது என்பார்கள், நானும் வற்புறுத்தவில்லை. முகாமில் ஞாயிற்றுக்கிழமை ஒரே காலையில் பதினோரு பேருக்கு விண்ணப்பம் போட்டு முடித்தார்கள். சித்தாள் வேலைக்கு வரும் ஓர் அம்மாவுக்குக் கைரேகை விழவில்லை. இருபது ஆண்டுகள் சிமெண்டில் தேய்ந்த விரல்கள். எலுமிச்சைச் சாற்றில் விரலைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஐந்தாம் முறை வைத்தபோது பதிந்தது. அட்டை வந்ததும் என் மனைவியிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அந்தப் பதினோரு பேரையும் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிய வைத்திருக்க வேண்டியது என் கடமை. வரியில் போன பணத்தைவிட இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

சங்கத்தால் ஆகாதவையும் உண்டு. உங்கள் வரியை அது கட்டாது, தகுதியில்லாத வேலைக்குப் பரிந்துரைக்காது, மோசமான கான்கிரீட்டுக்கு முட்டுக்கொடுக்காது. அப்படி முட்டுக்கொடுக்கும் சங்கமாக இருந்தால் அதில் சேராதீர்கள். சேருமுன் ஒரு நாள் போய் உட்கார்ந்து, கடந்த ஆண்டின் சுற்றறிக்கைக் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். தேதி போட்டு, என்ன மாறியது, நாம் என்ன செய்ய வேண்டும், எந்த நாளுக்குள் என்று எழுதியிருந்தால் அது உழைக்கும் சங்கம். வரி, சட்டம் இரண்டுக்கும் ஆலோசகர் குறிப்பிட்ட கிழமையில் வருகிறாரா என்று கேளுங்கள். சந்தாவுக்கு ரசீது உண்டா என்று பாருங்கள். உங்கள் அளவு வேலை செய்பவர்கள் எத்தனை பேர் உறுப்பினர்கள் என்று விசாரியுங்கள். கோடிக்கணக்கில் செய்பவர்கள் மட்டும் இருக்கும் இடத்தில் நம் சிக்கல் பேச்சுக்கு வராது.

ஒரு மாலை செயலாளரிடம், வரிக்காக இவ்வளவு கவலைப்படும் தொழில் வேறு உண்டா என்று கேட்டேன். அவர் இந்தச் சண்டை உன் பாட்டன் காலத்தது என்று சொல்லிக் கதையைத் தொடங்கினார். கட்டடம் கட்டிக் கொடுப்பது பொருள் விற்பனையா, இல்லையா என்ற வழக்கு அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போய், 1958இல், அது விற்பனை அல்ல என்று கேனன் டங்கர்லி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பானது. அதை மாற்றத்தான் 1982இல் அரசியலமைப்பின் 46ஆவது திருத்தம். அந்தத் திருத்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களின் முன்வரிசையில், 1941இல் புனேயில் தொடங்கிய பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா நின்றது. 1989இல் தீர்ப்பு வந்தது. திருத்தம் செல்லும் என்றார்கள். ஆனால் மற்ற விற்பனைகளுக்கு மாநிலங்கள் வரி போடும்போது உள்ள வரம்புகள் கட்டட ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும் என்பதும் அதே தீர்ப்பில் உறுதியானது. தனி ஆளாக யார் அவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்று கேட்டார். எனக்கு என் நகராட்சிக் கடிதம் நினைவுக்கு வந்தது.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி கவுன்சில் கூடிய இரவே சங்கத்திலிருந்து செய்தி வந்தது. 22ஆம் தேதி முதல் சிமெண்டுக்கு 28இலிருந்து 18, மண் வேலை பெரும்பங்கான அரசு ஒப்பந்தங்களுக்கு 12இலிருந்து 18. என் கையில் அப்போது ஒரு குளக்கரை பலப்படுத்தும் வேலை இருந்தது, முக்கால் பங்குக்கு மேல் மண். 8ஆம் தேதி அளவெடுக்க வைத்தேன், 12ஆம் தேதி விலைப்பட்டியல் போட்டேன். சிமெண்டை 22ஆம் தேதிவரை மூட்டை மூட்டையாக, அன்றன்றைய தேவைக்கு மட்டும் வாங்கினேன். மீதி வேலையின் கூடுதல் வரியைக் கேட்டு 23ஆம் தேதி காலையில் அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்கிவிட்டேன். வெளியே வரும்போது, எங்கள் ஊரிலேயே சின்ன வேலைகள் செய்யும் பையன் ஒருவன் படியேறிக்கொண்டிருந்தான். அவன் கையிலும் ஒரு ஏரிக்கரை வேலை இருந்தது. விலைப்பட்டியல் போட்டாயா என்று கேட்டேன். “எதற்கு அண்ணே, பணம் வரட்டுமே” என்றான். என் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக அந்த ஹார்டுவேர் கடை மாடிக்குத்தான் போனேன். அவன் அளந்த வேலைக்கு நாள் கடந்துவிட்டது. கூடுதல் வரியைக் கேட்கும் கடிதத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அன்று மாலையே அதைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள்.